கர்ப்பப்பை உட்சவ்வுப் புற்றுநோய்: ஈ.ஆர்., பி.ஆர். என்ற இரண்டு வரிகள் சொல்வது என்ன?

கர்ப்பப்பையின் உட்புறத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்துச் சோதித்த பிறகு வருகிற பயாப்ஸி அறிக்கையில், கீழ்ப்பக்கமாக இரண்டு வரிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'ஈ.ஆர். பாசிட்டிவ்', 'பி.ஆர். பாசிட்டிவ்'. சில சமயம் நெகட்டிவ். பக்கத்தில் ஒரு சதவீதக் கணக்கு. இதைப் படிச்சதும் எல்லாருக்கும் வர்ற முதல் கேள்வி ஒன்றுதான்: பாசிட்டிவ்னா நல்லதா, கெட்டதா?

மார்பகப் புற்றுநோய் பற்றி எழுதும்போது இந்த இரண்டு ஏற்பிகளையும் பற்றி எல்லாரும் எழுதிவிடுகிறார்கள். கர்ப்பப்பை என்று வரும்போது யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. வேடிக்கை என்னவென்றால், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி என்று ஒன்று இருக்கிறது என்பதே முதலில் கர்ப்பப்பையில்தான் தெரிய வந்தது. அதனால் இந்தப் பதிவில் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படிப்பது என் வேலையின் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

எந்தப் புற்றுநோயைப் பற்றிப் பேசுகிறோம்?

'கர்ப்பப்பை புற்றுநோய்' என்று நம்மூரில் பொதுவாகச் சொல்வது பெரும்பாலும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத்தான். அதற்குக் காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ். தடுப்பூசி இருக்கிறது, பாப் ஸ்மியர் பரிசோதனை இருக்கிறது. நான் எழுதப்போவது அதைப் பற்றி இல்லை. கர்ப்பப்பைக்குள்ளே, மாதாமாதம் வளர்ந்து உதிர்கிறதே ஒரு சவ்வு, அதில் வருகிற புற்றுநோய். அந்தச் சவ்வுக்கு எண்டோமெட்ரியம் என்று பெயர். பாப் ஸ்மியர் இதைக் கண்டுபிடிப்பதற்காக உருவாக்கப்பட்ட சோதனை இல்லை. 'போன வருஷம்தான் ஸ்மியர் எடுத்தேன், நார்மல்னு வந்துச்சு' என்பதை வைத்து இந்தப் புற்றுநோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

2020-இல் உலகம் முழுக்க சுமார் 4,17,000 பெண்களுக்கு கர்ப்பப்பை உடற்பகுதிப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சுமார் 97,000 பேர் இறந்தார்கள். கர்ப்பப்பை உடற்பகுதியில் வருவதில் மிகப் பெரும்பான்மை இந்த உட்சவ்வுப் புற்றுநோய்தான். இந்தியாவில் இன்னமும் வாய்ப் புற்றுநோயே அதிகம். ஆனால் உடல் எடை கூடக்கூட, பிள்ளைப்பேறு குறையக்குறைய, உட்சவ்வுப் புற்றுநோய் அதிகரிக்கும் என்பது பல நாடுகளில் பார்த்த விஷயம்.

ஒரு மாதத்தில் நடப்பது

சவ்வு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அது எங்கே தடம் மாறுகிறது என்று புரியும். மாதவிடாய் முடிந்த கையோடு சவ்வு சில மில்லிமீட்டர்தான் இருக்கும். சுழற்சியின் முதல் பாதியில் முட்டைப்பையிலிருந்து ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது. அது சவ்வைப் பார்த்து 'வளரு' என்கிறது. சுரப்பிகள் நீளுகின்றன, செல்கள் பெருகுகின்றன. முட்டை வெளியான பிறகு, அது இருந்த இடத்திலிருந்து புரொஜெஸ்டிரோன் சுரக்கத் தொடங்குகிறது. இது சொல்வது 'போதும், இனி தயாராகு'. பெருக்கம் நிற்கிறது. சுரப்பிகள் ஊட்டப்பொருள்களைச் சுரந்து கருவுக்காகக் காத்திருக்கின்றன. இந்தக் கட்டத்தில் சவ்வின் தடிமன் 7 முதல் 16 மில்லிமீட்டர் வரை போகலாம். கரு வரவில்லை என்றால் இரண்டு ஹார்மோன்களும் இறங்கிவிடும், சவ்வு உதிர்ந்துவிடும்.

ஒரு பெண்ணின் வாழ்நாளில் இது சுமார் 400 தடவை நடக்கிறது. இத்தனை தடவை வளர்ந்து, சரியான இடத்தில் நின்று, உதிர்ந்து, மறுபடி வளர்கிற திசு உடம்பில் வேறு எங்கேயும் இல்லை. நின்றுவிடச் சொல்கிற அந்தக் குரல் காதில் விழுவது எவ்வளவு முக்கியம் என்று இப்போது தெரிகிறது இல்லையா?

அந்தக் காதுதான் ஏற்பி.

ஏற்பியைக் கண்டுபிடித்த கதை

1950-களில் ஈஸ்ட்ரோஜன் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால், உயிர்வேதியியலாளர்கள் 'அது நொதிகளோடு சேர்ந்து வேதிவினையில் ஈடுபடுகிறது, அதில் அதுவே மாறிவிடுகிறது' என்று சொல்லியிருப்பார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன் வேறு விதமாகக் கேட்டார். 'ஹார்மோன் திசுவை என்ன செய்கிறது என்பது இருக்கட்டும். திசு ஹார்மோனை என்ன செய்கிறது?'

இதற்குப் பதில் கண்டுபிடிக்க, ஈஸ்ட்ராடையால் மூலக்கூறில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனை ஏற்றினார். உடலில் இயல்பாக இருக்கும் அளவை ஒத்த மிகச் சிறிய அளவில் அதை இளம் பெண் எலிகளுக்குச் செலுத்திவிட்டு, எந்த உறுப்பில் எவ்வளவு தங்குகிறது என்று அளந்தார். ரத்தத்திலும் தசையிலும் கல்லீரலிலும் வந்த ஹார்மோன் சீக்கிரமே வெளியேறிவிட்டது. கர்ப்பப்பையில் மட்டும் மணிக்கணக்கில் தங்கியது. அதுவும் எந்த வேதிமாற்றமும் இல்லாமல், போன மாதிரியே. அப்படியானால் அங்கே அதைப் பிடித்து வைத்துக்கொள்ள ஏதோ ஒன்று இருக்க வேண்டும். 1958-இல் வியன்னா மாநாட்டில் ஜென்சன் இதைச் சொன்னார். 1966-இல் டேவிட் டாஃப்ட், ஜாக் கோர்ஸ்கி இருவரும் எலியின் கர்ப்பப்பையிலிருந்து அந்தப் 'ஏதோ ஒன்றை' ஒரு புரதமாகப் பிரித்துக் காட்டினார்கள். ஜென்சனுக்கு 2004-இல் லாஸ்கர் விருது கிடைத்தது, பியர் ஷம்போன், ரொனால்ட் எவன்ஸ் ஆகியோருடன் சேர்த்து.

ஏற்பி என்றதும் செல்லின் வெளிச்சுவரில் இருக்கும் அழைப்புமணி மாதிரி கற்பனை செய்துவிட வேண்டாம். ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் இரண்டும் கொழுப்பில் கரைபவை. செல்லுக்குள் தாமாகவே நுழைந்துவிடும். உள்ளே உட்கருவில் ஏற்பி காத்திருக்கிறது. ஹார்மோன் வந்து பொருந்தியதும் ஏற்பியின் வடிவம் மாறுகிறது, இரண்டிரண்டாகச் சேர்கின்றன, டி.என்.ஏ.-வில் குறிப்பிட்ட இடங்களில் போய் உட்காருகின்றன. ஆனால் உட்கார்ந்தால் மட்டும் போதாது. துணைப் புரதங்கள் வந்து சேர வேண்டும். எந்தத் துணைப் புரதம் வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் ஜீன் இயங்குமா அடங்குமா என்பது முடிவாகும். இந்தக் கடைசி வரியை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

பிரேக்கைச் செய்து தருவதே ஆக்ஸிலரேட்டர்தான்

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இயக்குகிற ஜீன்களில் ஒன்று, புரொஜெஸ்டிரோன் ஏற்பிக்கான ஜீன். அதாவது, 'வளரு' என்று சொல்கிற ஹார்மோன் அதே மூச்சில் 'போதும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ள' ஒரு காதையும் வைத்துவிட்டுப் போகிறது. அறிக்கையில் பி.ஆர். பாசிட்டிவ் என்று இருந்தால், ஈ.ஆர். அங்கே வெறுமனே இருக்கவில்லை, வேலையும் செய்கிறது என்பதற்கு அது ஓர் அத்தாட்சி.

அடுத்த பாதியில் புரொஜெஸ்டிரோன் வந்ததும் மூன்று வழிகளில் வளர்ச்சியை அடக்குகிறது. ஒன்று, சுரப்பிச் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் அளவைக் குறைக்கிறது. கூடவே தன் சொந்த ஏற்பியையும் குறைத்துக்கொள்கிறது. இரண்டு, வலுவான ஈஸ்ட்ராடையாலை வலுக்குறைந்த ஈஸ்ட்ரோனாக மாற்றும் ஒரு நொதியை உற்பத்தி செய்ய வைக்கிறது. மூன்றாவது வழிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அது சுரப்பிச் செல்லுக்குள் நடப்பதே இல்லை. சுரப்பிகளுக்கு நடுவில் இருக்கும் இடைத்திசுவில் நடக்கிறது.

இந்த வழியை எலிகளில் விரிவாகக் காட்டியவர்கள் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் இந்திராணி பாக்சி, மிலன் பாக்சி குழுவினர். 2011-இல் வெளிவந்த கட்டுரை. புரொஜெஸ்டிரோன் இடைத்திசுச் செல்களில் ஹேண்ட்-2 என்ற புரதத்தை உருவாக்குகிறது. ஹேண்ட்-2 அந்தச் செல்கள் சுரக்கும் வளர்ச்சிக் காரணிகளை அடக்குகிறது. அந்தக் காரணிகள் வராததால் பக்கத்திலிருக்கும் சுரப்பிச் செல்கள் பெருகுவதை நிறுத்துகின்றன. சுருக்கமாகச் சொன்னால், அக்கம்பக்கம் சொல்லித்தான் சுரப்பிச் செல் அடங்குகிறது. 2013-இல் வேறொரு குழு, மனித உட்சவ்வுப் புற்றுநோயிலும் அதற்கு முந்தைய நிலையிலும் இந்த ஹேண்ட்-2 ஜீன் மெத்தில் குறிகளால் பூட்டப்பட்டு ஊமையாகிக் கிடப்பதைக் காட்டியது. ஈஸ்ட்ரோஜன் அதிகமாவது ஒரு பக்கம். பிரேக் கம்பி அறுந்துபோவது இன்னொரு பக்கம்.

எதிர்ப்பில்லாத ஈஸ்ட்ரோஜன்

1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தாராளமாக எழுதிக் கொடுக்கப்பட்டது. ஈஸ்ட்ரோஜன் மட்டும், புரொஜெஸ்டிரோன் கிடையாது. 1975 டிசம்பர் 4-ஆம் தேதி நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இரண்டு ஆய்வுகள் சேர்ந்தாற்போல வந்தன. ஸ்மித் குழுவினரின் ஆய்வில், ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களுக்கு உட்சவ்வுப் புற்றுநோய் அபாயம் 4.5 மடங்கு. ஸீல், ஃபிங்கிள் இருவரின் ஆய்வில் 7.6 மடங்கு. இரண்டாவது ஆய்வில் எவ்வளவு வருடம் மாத்திரை எடுத்தார்களோ அதற்கேற்ப அபாயமும் ஏறியது. 7 வருடத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கு 13.9 மடங்கு.

அதற்குப் பிறகுதான் கர்ப்பப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் கூடவே புரொஜெஸ்டின் கொடுத்தே ஆக வேண்டும் என்ற விதி வந்தது. புரொஜெஸ்டின் என்பது புரொஜெஸ்டிரோன் ஏற்பியை இயக்கும் செயற்கை மருந்துகளின் பொதுப்பெயர்.

மாத்திரை சாப்பிட்டால்தான் இந்த நிலை வரும் என்றில்லை. உடம்பே உருவாக்கிக்கொள்ள இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது கொழுப்புத் திசு. மாதவிடாய் நின்ற பிறகு முட்டைப்பை ஓய்ந்துவிடும், புரொஜெஸ்டிரோன் வராது. ஆனால் அட்ரீனல் சுரப்பியிலிருந்து ஆண்ட்ரோஜன் வந்துகொண்டிருக்கும். கொழுப்புத் திசுவில் இருக்கும் அரோமடேஸ் நொதி அதை ஈஸ்ட்ரோனாக மாற்றிவிடும். எடை கூடினால் அரோமடேஸும் கூடும். உடல் நிறைக் குறியீட்டெண் 5 கூடும்போது இந்தப் புற்றுநோயின் அபாயம் சுமார் 1.6 மடங்காகிறது என்று 2008-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு கணக்கிட்டது. உடல் எடையோடு இவ்வளவு நெருக்கமாகத் தொடர்புடைய புற்றுநோய்கள் ரொம்பக் குறைவு.

இரண்டாவது, நம் வீடுகளில் சர்வசாதாரணமாகக் கேட்கிற பி.சி.ஓ.டி. முட்டை வெளியாகாத மாதங்களில் புரொஜெஸ்டிரோன் சுரப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் மட்டும் இருந்துகொண்டே இருக்கும். மூன்று நான்கு மாதம் மாதவிடாய் வராமல் இருந்தால் 'தொல்லை விட்டுச்சு' என்று விட்டுவிடுகிறோம். உள்ளே சவ்வு 'போதும்' என்ற குரலைக் கேட்காமலே வளர்ந்துகொண்டிருக்கலாம். டாக்டர்கள் இப்படிப்பட்டவர்களுக்கு அவ்வப்போது புரொஜெஸ்டின் கொடுத்து மாதவிடாயை வரவைப்பது ஒழுங்குக்காக மட்டுமில்லை, சவ்வைப் பாதுகாப்பதற்கும்தான்.

இதற்கு நேரெதிர் உதாரணமும் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டினும் சேர்ந்த கருத்தடை மாத்திரையை 5 வருடம் எடுத்தால் இந்தப் புற்றுநோய் அபாயம் சுமார் கால் பங்கு குறைகிறது. நிறுத்தி 30 வருடம் கழித்தும் அந்தப் பாதுகாப்பு மிச்சமிருக்கிறது. 2015-இல் 27,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்துச் சொன்ன கணக்கு இது.

எல்லாக் கட்டிகளும் ஒரே ரகம் இல்லை

1983-இல் லெனின்கிராட்டின் யான் போக்மன் 366 நோயாளிகளை வைத்து இந்தப் புற்றுநோயை இரண்டாகப் பிரித்தார். முதல் வகை, சுமார் 65 சதவீதம்: எடை அதிகமுள்ளவர்கள், ஈஸ்ட்ரோஜன் மிகுதிக்கான அடையாளங்கள் உள்ளவர்கள், மெதுவாக வளரும் கட்டி, புரொஜெஸ்டினுக்குக் கட்டுப்படும். இரண்டாம் வகை, சுமார் 35 சதவீதம்: ஹார்மோன் தொடர்பு தெளிவாக இல்லை, ஆழமாகப் பாயும், புரொஜெஸ்டினுக்குப் பெரிதாக மசியாது.

முப்பது வருடம் கழித்து, 2013-இல், அமெரிக்காவின் புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம் 373 கட்டிகளைப் பிரித்துப் படித்து, நான்கு குழுக்கள் என்றது. அதில் மோசமான குழுவில் பி-53 என்ற காவல் ஜீன் பெரும்பாலும் கெட்டுப்போயிருந்தது, ஈ.ஆர்., பி.ஆர். இரண்டும் குறைவாக இருந்தன. போக்மன் நுண்ணோக்கியையும் நோயாளியின் உடல்வாகையும் வைத்துச் சொன்னதன் சாரம், மரபணுவைப் படித்தபோதும் பெருமளவு நின்றது.

இப்போது முதல் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும். ஆரோக்கியமான உட்சவ்வுச் செல்களிலேயே ஈ.ஆர்., பி.ஆர். இரண்டும் நிறைய இருக்கும். ஆகவே கட்டியில் அவை இருந்தால், அந்தச் செல்கள் பிறந்த வீட்டை இன்னும் முழுக்க மறக்கவில்லை என்று பொருள். பாசிட்டிவ் என்பது பயப்பட வேண்டிய செய்தி இல்லை. கவலைப்பட வேண்டியது இரண்டும் காணாமல் போகும்போது. ஐரோப்பாவின் பல மையங்களில் சுமார் 1,200 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2013-இல் வெளிவந்த ஆய்வில், அறுவைக்கு முன் சுரண்டி எடுத்த துணுக்கில் இரண்டு ஏற்பிகளும் இல்லாதவர்களுக்கு நிணநீர் முடிச்சுகளில் நோய் பரவியிருக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. ஐரோப்பிய வழிகாட்டுதல்களின் 2025 பதிப்பில், மரபணுக் குறி எதுவும் தனியாகத் தெரியாத கட்டிகளைப் பிரிக்கும்போது ஈ.ஆர். இருக்கிறதா இல்லையா என்பதும் ஓர் அளவுகோலாகச் சேர்ந்துவிட்டது.

பிரேக்கை மருந்தாகக் கொடுப்பது

'போதும்' என்று சொல்கிற ஹார்மோனையே மருந்தாகக் கொடுத்தால் என்ன? 1961-இல் கெல்லி, பேக்கர் இருவரும் முற்றிய நிலையில் இருந்த 21 பெண்களுக்கு புரொஜெஸ்டின் கொடுத்துப் பார்த்தார்கள். 6 பேருக்குக் கட்டி சுருங்கியது. ஏற்பி என்ற புரதத்தை யாரும் பிரித்தெடுப்பதற்கு முன்பே!

பிறகு 1999-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் 299 பெண்கள் சேர்ந்தார்கள். ஒரு பாதிக்கு மெட்ராக்ஸிபுரொஜெஸ்டிரோன் தினம் 200 மில்லிகிராம், மறுபாதிக்கு 1,000 மில்லிகிராம். அதிகம் கொடுத்தால் அதிகம் பலன் என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு. குறைந்த அளவில் 25 சதவீதம் பேருக்குப் பலன், அதிக அளவில் 15 சதவீதம்தான். ஏற்பியை வைத்துப் பிரித்துப் பார்த்தால் கணக்கு இன்னும் தெளிவு: பி.ஆர். போதுமான அளவு இருந்தவர்களில் 37 சதவீதம், இல்லாதவர்களில் 8 சதவீதம். கேட்கக் காது இல்லாத இடத்தில் சத்தமாகக் கத்தினாலும் பயனில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. புரொஜெஸ்டிரோன் தன் சொந்த ஏற்பியையே குறைத்துக்கொள்ளும் என்று மேலே சொன்னேன் இல்லையா? இயல்பான சுழற்சியில் அது சரி, இரண்டு வாரத்தில் எல்லாம் புதிதாக ஆரம்பித்துவிடும். மருந்தாக விடாமல் கொடுக்கும்போது, மருந்தே தன் கதவை மூடிக்கொள்கிறது. இதற்கு ஒரு தந்திரம் செய்து பார்த்தார்கள். மூன்று வாரம் புரொஜெஸ்டின், மூன்று வாரம் டமாக்ஸிஃபென் என்று மாற்றி மாற்றிக் கொடுப்பது. டமாக்ஸிஃபென் கர்ப்பப்பையில் ஓரளவு ஈஸ்ட்ரோஜன் போல நடந்துகொள்ளும், அதனால் புரொஜெஸ்டிரோன் ஏற்பி மறுபடி முளைக்கும் என்ற கணக்கு. 2004-இல் வெளிவந்த அந்த ஆய்வில் 56 பேரில் 27 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. எண்ணிக்கை குறைவுதான். ஆனால் பலன் கிடைத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது 20 மாதங்களைத் தாண்டி நீடித்தது.

முற்றிய நிலையில் இப்படி. ஆரம்ப நிலையில், சவ்வைத் தாண்டாத, முதல் தரக் கட்டி உள்ள, குழந்தை பெற ஆசைப்படும் இளம்பெண்களுக்கு, கர்ப்பப்பையை எடுக்காமல் புரொஜெஸ்டின் மாத்திரையோ லெவோநார்ஜெஸ்ட்ரல் சுரக்கும் காப்பர்-டி போன்ற சாதனமோ கொடுத்துப் பார்ப்பது உண்டு. 2012-இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, இப்படிச் சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 76 சதவீதம் பேருக்குக் கட்டி மறைந்தது, ஆனால் சுமார் 40 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது, 28 சதவீதம் பேர் குழந்தை பெற்றார்கள். மூன்று எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதல் எண்ணை மட்டும் சொல்லி நம்பிக்கை கொடுப்பதும் தப்பு, இரண்டாவதை மட்டும் சொல்லிப் பயமுறுத்துவதும் தப்பு. இது அவகாசம் வாங்கித் தருகிற சிகிச்சை. சில மாதங்களுக்கு ஒருமுறை பயாப்ஸி எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குழந்தை பிறந்த பிறகு கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்வதே வழக்கம்.

டமாக்ஸிஃபென் என்னும் இரட்டை வேடம்

இந்த விஷயத்தில் நான் ஆழமாக இறங்கியதற்குக் காரணம் என் பெரியம்மா. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, டமாக்ஸிஃபென் எடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் போனில், 'ஏம்ப்பா, இந்த மாத்திரை கர்ப்பப்பையில கேன்சர் வரவைக்குமாமே, நிறுத்திடட்டுமா?' என்று கேட்டார். ஒரே மருந்து ஓரிடத்தில் புற்றுநோயைத் தடுத்து, இன்னோரிடத்தில் எப்படி வரவழைக்கும்?

அப்படி நடப்பது உண்மைதான். 1988-இல் கொட்டார்டிஸ், சத்தியஸ்வரூப், ஜோர்டன் உள்ளிட்ட குழு ஒரு அழகான சோதனை செய்தது. ஒரே சுண்டெலியின் ஒரு பக்கம் மார்பகக் கட்டி, மறுபக்கம் கர்ப்பப்பை உட்சவ்வுக் கட்டி. டமாக்ஸிஃபென் கொடுத்தார்கள். மார்பகக் கட்டி அடங்கியது, உட்சவ்வுக் கட்டி வளர்ந்தது. ஒரே ரத்தம், ஒரே மருந்து. வித்தியாசம் திசுவில்தான்.

துணைப் புரதங்களை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அது இங்கேதான். டமாக்ஸிஃபென் ஏற்பியில் பொருந்தும்போது ஈஸ்ட்ரோஜன் கொடுப்பதைவிடக் கொஞ்சம் வேறான வடிவத்தைக் கொடுக்கிறது. மார்பகச் செல்லில் அந்த வடிவத்தைத் தேடி ஜீனை அடக்கும் துணைப் புரதங்கள் வருகின்றன. உட்சவ்வுச் செல்லிலோ, எஸ்.ஆர்.சி.-1 என்ற இயக்கும் துணைப் புரதம் அதிகம். அதனால் சில ஜீன்களில் டமாக்ஸிஃபெனே ஈஸ்ட்ரோஜன் வேலையைச் செய்துவிடுகிறது. 2002-இல் ஷாங், பிரவுன் இருவரும் இதைக் காட்டினார்கள்.

சரி, அபாயம் எவ்வளவு? 13,388 பெண்கள் கலந்துகொண்ட, 1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 50 வயதைத் தாண்டியவர்களில் ஆண்டுக்கு 1,000 பேருக்கு 0.76 ஆக இருந்த உட்சவ்வுப் புற்றுநோய், டமாக்ஸிஃபென் எடுத்தவர்களில் 3.05 ஆனது. 'நான்கு மடங்கு' என்று சொன்னால் தூக்கிவாரிப்போடும். 'ஆயிரத்தில் கூடுதலாக இரண்டு பேர், மூன்று பேர்' என்றாலும் அதே கணக்குதான். அந்த முதல் அறிக்கையில் டமாக்ஸிஃபென் எடுத்து இந்தப் புற்றுநோய் வந்தவர்கள் எல்லாருமே முதல் நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள். மறுபக்கம், ஈ.ஆர். பாசிட்டிவ் மார்பகப் புற்றுநோய்க்கு 5 வருடம் டமாக்ஸிஃபென் எடுத்தால் அந்த நோயால் இறக்கும் வாய்ப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு உட்சவ்வுப் புற்றுநோய் அபாயம் குறிப்பிடும்படி கூடியதாகத் தெரியவில்லை.

பெரியம்மாவிடம் இந்தக் கணக்கைத்தான் சொன்னேன். 'நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க. ஆனா ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அன்னைக்கே சொல்லிடுங்க' என்றேன். டமாக்ஸிஃபென் எடுப்பவர்களுக்கு ஸ்கேனில் சவ்வு தடித்துத் தெரிவது சகஜம்; புற்றுநோய் இல்லாமலே அப்படி இருக்கும். அதனால் அவர்கள் விஷயத்தில் ஸ்கேன் அளவைவிட ரத்தப்போக்குதான் நம்பகமான அறிகுறி.

அறிக்கை கையில் வந்தால்

ஈ.ஆர்., பி.ஆர். சோதனை என்பது துணுக்கின் மெல்லிய சீவலில் ஏற்பியைப் பிடிக்கும் எதிர்ப்புரதத்தைப் போட்டு, எத்தனை உட்கருக்கள் பழுப்பு நிறமாகின்றன என்று நோய்க்கூறியல் நிபுணர் எண்ணிச் சொல்வது. ஒரே கட்டியில் ஒரு மூலையில் பாசிட்டிவும் இன்னொரு மூலையில் நெகட்டிவும் இருக்கலாம். கர்ப்பப்பையில் முதலில் வந்த கட்டியில் இருந்த ஏற்பி, பின்னால் நுரையீரலில் பரவிய கட்டியில் இல்லாமல் போகலாம். நோய் திரும்ப வந்து, ஹார்மோன் சிகிச்சை தொடங்க நினைக்கிறார்கள் என்றால், 'புதுசா எடுத்த துணுக்கில ஏற்பி பார்த்தீங்களா?' என்று கேட்பது நியாயமான கேள்வி.

சிகிச்சையை முடிவு செய்வதில் ஏற்பி ஒரு சான்று மட்டுமே. கட்டியின் தரம், எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, பி-53 எப்படி இருக்கிறது, பிழைதிருத்தும் புரதங்கள் இருக்கின்றனவா என்பதெல்லாம் கூடவே பார்க்கப்படும். பெரும்பான்மையோருக்கு முதல் சிகிச்சை இன்றைக்கும் அறுவைதான்.

கடைசியாக, இந்தப் பதிவில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்காதீர்கள். இந்தப் புற்றுநோய் வந்த மாதவிடாய் நின்ற பெண்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு அது ரத்தப்போக்கு மூலம் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மாதவிடாய் நின்று வருடங்கள் ஆன பிறகு ரத்தம் பட்டால் 'சூட்டுல வந்திருக்கும்', 'வயசான காலத்துல இதைப் போய் யார்கிட்ட சொல்றது' என்று துணியை மறைத்து வைத்துவிடுகிற அம்மாக்கள், அத்தைகள், பாட்டிகள் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள். அப்படி ரத்தம் பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருக்காது. மீதமிருக்கும் அந்த ஒருவருக்கு, பெரும்பாலும், இன்னும் ஏற்பிகளை இழக்காத, அறுவையோடு குணமாகிவிடக்கூடிய கட்டத்தில்தான் நோய் இருக்கும். ஒரு ஸ்கேனும், தேவைப்பட்டால் ஒரு சின்ன பயாப்ஸியும் போதும், அது யாரென்று தெரிந்துகொள்ள. வீட்டில் யாரிடமாவது இதை வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.